கசிவில்லா வட்டாரம்

என் மனைவி வெனிங்கை அடக்கம் செய்த மறுவாரம் என்னைத் தாயாக நியமித்தார்கள்.

ஆணையைக் கொண்டுவந்தவர் இபு எண்டாங், அதாவது எண்டாங் அம்மா. எங்கள் வட்டாரத் தலைவரான லூராவின் மனைவி. கணவர் லூரா ஆன அன்றே மனைவி மாதர் குழுவின் தலைவி ஆகிவிடுவார். அதற்குத் தேர்தல் கிடையாது, கல்யாணம் போதும். அவருடன் பச்சைச் சீருடையில் சில பெண்கள் வந்திருந்தார்கள். செருப்புகளை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ரெத்னோ அக்கா எல்லோருக்கும் இனிப்புத் தேநீர் வைத்தார். ரெத்னோ, வெனிங்கின் அக்கா. அடக்கத்துக்கு செமாராங்கிலிருந்து வந்தவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டார்.

"முதல்ல ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்குவோம்" என்று இபு எண்டாங் ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டமும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எதற்கு நன்றி என்று நான் கேட்கவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மாவட்டத்தில் 'உலர்ந்த சிசு இயக்கம்' நடக்கிறது. பிறந்த குழந்தை எதுவும் நனைந்து கிடக்கக் கூடாது. வட்டாரங்களுக்குள் போட்டி. ஆய்வுக் குழு வரும். ஒவ்வொரு குழந்தைக்கும் இயக்கத்தில் ஒரு தாய் உறுப்பினராக இருக்க வேண்டும்.

"உங்க வீட்டுல தாய் இடம் காலியா இருக்கு, தம்பி. காலியா விட்டா மாவட்டத்துல கேள்வி வரும். அதனால நிரந்தரமா ஒருத்தர் வர்ற வரைக்கும் நீங்க பொறுப்புத் தாய்."

"நிரந்தரமா ஒருத்தரா?"

"நாப்பதாம் நாள் பிரார்த்தனை முடியட்டும். அவசரமில்ல. வயசிருக்கு உங்களுக்கு."

மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். என் கையில் இரண்டு பொட்டலங்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் மாவட்டம் தந்த தரநிலை நாப்பிகள், வெள்ளைத் துணி, இடுப்பில் நாடா. இன்னொன்றில் சீருடை தைக்கப் பச்சைத் துணி. தையல் கூலி என்னுடையது. படம் எடுத்துக்கொண்டார்கள். நான் நடுவில் நின்றேன்.

அவர்கள் போனதும் குழந்தையைப் பார்த்தேன். நனைந்திருந்தாள்.

லாரஸ் மாதம் நிறையாமல் பிறந்தவள். அவள் தொடை என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கடை டயப்பர் போட்டதில் இடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. மருத்துவச்சி அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். தரநிலை நாப்பியை இறுக்கிக் கட்டினால் நாடா வயிற்றில் பதிந்து, காயாத தொப்புளில் உரசியது. தளர்த்தினால் தொடை வழியாக எல்லாம் வெளியே வந்தது. நனைந்தால் அழுவாள். அழுதால் குடிக்க மாட்டாள். குடிக்காவிட்டால் எடை ஏறாது. எடை ஏறாவிட்டால் தொடை தடிக்காது. தொடை தடிக்காவிட்டால் நாப்பி ஒழுகும்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் இடம் மாறும் ஆற்றங்கரைகளுக்கே எல்லைக்கல் போட்டவன். இந்த இரண்டு தொடைகளில் தோற்றேன்.

மருத்துவச்சி கடைசியாக வந்தபோது சொன்னார்: "அம்மாவோட பழைய ஜாரிக் இருக்கும்ல? துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆனது. அதக் கிழிச்சுக் கட்டுங்க. இங்க எல்லாரும் அப்படித்தானே வளந்தோம்."

இருந்தன. இடுப்பில் சுற்றும் அந்தப் பாத்திக் துணிகளை வெனிங் அடுக்கி வைத்திருந்தாள். அலமாரி பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. "பாக்கறேன்" என்றேன்.

ரெத்னோ அக்கா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல.

"இவள நான் செமாராங் கூட்டிட்டுப் போறேன், சத்ரியோ. ஒழுங்கா நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து விடறேன்."

"வேண்டாங்க்கா."

"வேண்டாம்னா? நீயே பாரு. காலையிலேர்ந்து இவ காஞ்சு கிடந்து நான் பாக்கல. முதுகு வரைக்கும் ஈரம். நாளைக்கு சளி புடிச்சா என்ன பண்ணுவ?"

அவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"உன் மேல கோவமில்லடா. என் தங்கச்சி பொண்ணு இது. சரி, கமிட்டி வரப்போகுதுல்ல. அவங்க பாத்துச் சொல்லட்டும். உலர்ந்த வீடுன்னு சொன்னா நான் பேசாம பஸ் ஏறிடறேன். இல்லன்னா இவளும் என்கூட ஏறுவா."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. ஒப்புக்கொண்டேன். இப்படி என் மகள் யாரிடம் வளர்வாள் என்பதை இபு எண்டாங்கிடம் ஒப்படைத்தேன்.

வட்டார அலுவலகக் கூடத்தில் பயிற்சி நடந்தது. தாய்மார்களுக்கு நடுவே நான் ஒருவன். ஆளுக்கொரு பலகாரப் பெட்டி கொடுத்தார்கள். வாழையிலையில் பொதிந்த பசையரிசி லெம்பர் ஒன்று, ஒரு வறுத்த சோயாக்கட்டி, ஒரு பச்சை மிளகாய், ஒரு கோப்பைத் தண்ணீர். பலகாரம் வந்தால் கூட்டம் சட்டப்படி தொடங்கியதாக அர்த்தம். பிறகு இயக்கத்தின் கோஷத்தைக் கைத்தட்டலோடு பழகினோம்.

"நம்ம சிசு?"

"உலர்ந்த சிசு!"

"நம்ம ஊரு?"

"ஒழுகாத ஊரு!"

'ஒழுகாத' என்னும்போது இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே குறுக்காக வைக்க வேண்டும். நான் வைத்தேன்.

பயிற்சி தந்தவர் நலப்பிரிவுத் தலைவர் பாக் சுகெங், அதாவது சுகெங் ஐயா. சிறிய கூடம், ஆனாலும் மைக்கில் பேசினார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. கொழுத்த தொடை, சிவந்த கன்னம். அதற்கு நாப்பியைக் கட்டி, கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. குலுக்கறேன். ஒரு சொட்டு விழுதா?"

விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கையைத் தூக்கினேன். "அதுக்குள்ள தண்ணியே இல்லீங்களே, பாக்."

"தண்ணி ஊத்தினா பொம்மை கெட்டுடும், தம்பி. மாவட்டச் சொத்து."

நான் எழுந்து போய், பையில் இருந்த நூலை எடுத்துப் பொம்மையின் தொடையைச் சுற்றினேன். வீட்டில் லாரஸின் தொடையை அளந்து முடிச்சுப் போட்டுவைத்திருந்த நூல் அது. முடிச்சு பொம்மையின் தொடையில் பாதி தூரம்கூட வரவில்லை.

"நாப்பி எல்லாத்தையும் இந்தப் பொம்மைக்கு அளவெடுத்தா தைச்சாங்க?"

"பின்ன? குழந்தைங்கள வச்சு எப்படி அளவெடுக்கறது? ஒண்ணு சிறுசு, ஒண்ணு பெருசு. அசையும். அழும். இன்னைக்கு ஒரு அளவு, அடுத்த வாரம் வேற அளவு. தரநிலைன்னா அசையாம இருக்கணும், தம்பி."

"என் பொண்ணு தொடை இதுல பாதிதான்."

"பொம்மைக்குச் சரியா இருக்குல்ல? அப்ப நாப்பியில கோளாறு இல்ல. குழந்தையத்தான் அளவுக்குக் கொண்டுவரணும். நாள் இருக்கு. நல்லா பால் குடுங்க."

இபு எண்டாங் முன்வரிசையிலிருந்து திரும்பிச் சிரித்தார். "பொறுப்புத் தாய் இப்பத்தான் பொறுப்புக்கு வந்திருக்காங்க. போகப் போகப் பழகிடும்."

நான் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் சோயாக்கட்டியைக் கடித்தபடி காதோரம் சொன்னாள்: "எங்க வீட்டுலயும் ஒழுகத்தான் செய்யுது. ரெண்டா வச்சுக் கட்டுங்க."

"ரெண்டு வச்சா ஒழுகாதா?"

"ஒழுகும். ஆனா வெளிய தெரியக் கொஞ்சம் நேரமாகும். அதுக்குள்ள ஆய்வுக் குழு சாப்பிடப் போயிடும்."

இரண்டாக வைத்துப் பார்த்தேன். லாரஸின் கால்கள் தவளைக்கால்கள்போல் விரிந்து நின்றன. கைக்குட்டையை மடித்து இடுக்கில் செருகினேன். அது நகர்ந்து முழங்காலுக்கு வந்தது. தொடைப்பக்கம் ரப்பர் நாடா வைத்துத் தைத்தேன். ஒழுகல் குறைந்தது. அவிழ்த்தபோது தொடையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். ரப்பரைப் பிரித்து எறிந்தேன். ரெத்னோ அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அலமாரியத் தொறந்தா முடிஞ்சுது."

"தரநிலைப்படி வெள்ளையாத்தான் இருக்கணுங்க்கா. பாத்திக் கட்டினா மதிப்பெண் போயிடும்."

விதி முதல்முறையாக எனக்கு உதவியது. அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். பிறகு ஈரத்துணிகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

ஆய்வுக்கு முன்பு ஒத்திகை வைத்தார்கள். தாய்மார்கள் குழந்தைகளை வரிசையாக ஏந்தி நிற்க வேண்டும். கோஷம் முடிவதற்குள் பாதிக் குழந்தைகள் நனைந்துவிட்டன. மாதர் குழு தனி அறையில் கூடி முடிவெடுத்து வந்தது. இபு எண்டாங் மைக்கை வாங்கினார்.

"ஆய்வு நாளன்னைக்குக் காலையிலேர்ந்து விருந்தாளிங்க கிளம்பற வரைக்கும் யாரும் குழந்தைக்குப் பால் குடுக்க வேண்டாம். உள்ள போகலன்னா வெளிய வராது. வட்டாரத்துக்காக இந்த ஒரு சின்னத் தியாகம்."

தாய்மார்கள் "சரிங்க, இபு" என்றார்கள். எங்கள் ஊரில் 'சரிங்க' என்றால் கேட்டுக்கொண்டோம் என்று மட்டுமே பொருள். ஒருத்தி அப்போதே திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வு நாளில் பூப்பந்து மைதானத்தில் நீலத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தார்கள். கோடைக்காலம். மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: 'கசிவில்லா வட்டாரம். வாழ்த்துகள்.' ஆய்வு இன்னும் தொடங்கவில்லை. பதாகையில் லூராவின் முகம், இபு எண்டாங்கின் முகம், புபாதியின் முகம், அவர் மனைவியின் முகம் எல்லாம் இருந்தன. குழந்தை இல்லை. இடம் போதவில்லை என்றார்கள்.

மாவட்டத்தை ஆள்பவர் புபாதி. அவர் மனைவி என்பதால் இயக்கத்தின் மாவட்டத் தலைவி இபு புபாதி. காலையில் வருவதாக இருந்தவர் மதியத்துக்குக் கிட்டத்தில் வந்தார். வான்நீலப் பட்டில் நீண்ட கெபாயாச் சட்டை, உயர்த்திக் கட்டிய கொண்டை. காத்திருந்த நேரத்தில் நான் ஒதுக்குப்புறமாகப் போய் லாரஸுக்குப் புட்டிப்பால் கொடுத்திருந்தேன். பசித்தது அவளுக்கு.

எல்லோரும் பேசினார்கள். ஒவ்வொருவரும் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, இருப்பவர்கள் எல்லோரையும் பதவி வரிசையில் பெயர் சொல்லி வணங்கிவிட்டு, நேரமில்லாததால் சுருக்கமாக முடிப்பதாகச் சொன்னார்கள். பாக் சுகெங் புள்ளிவிவரம் வாசித்தார்.

"நம்ம வட்டாரத்துல இதுவரைக்கும் ஒரு கசிவுகூடப் பதிவாகல. ஏன்னா, நாங்க ஆரம்பத்துலேர்ந்தே ரொம்ப கவனமா இருந்தோம். பதிவேட்டுல கசிவுன்னு ஒரு பத்தியே வைக்கல."

கைதட்டல். ரெத்னோ அக்கா பந்தலின் ஓரத்தில் நின்றார். காலடியில் பயணப்பை. அதில் குழந்தையின் சட்டைகளும் பால்புட்டியும் இருந்தன. காலையில் அவர் அடுக்கியதைப் பார்த்தேன்.

பொம்மையை வெல்வெட் விரித்த தட்டில் கொண்டுவந்தார்கள். இபு புபாதி அதை எடுத்து மடியில் வைத்து நாப்பிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "உலர்ந்திருக்கு" என்றார். மறுபடி கைதட்டல். படக்காரர் மட்டும் தயங்கினார்.

"மன்னிக்கணும், இபு. படத்துல பொம்மை மாதிரி தெரியுது."

"பொம்மைதானே?"

"ஆமாங்க. அது தெரியுது."

மேடையில் கிசுகிசுத்தார்கள். நிஜக் குழந்தை ஒன்று வேண்டும். இருப்பதிலேயே சின்னதாக இருந்தால் படம் உருக்கமாக இருக்கும். இபு எண்டாங் வரிசையைப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"இப்பத்தான் பால் குடிச்சா, இபு" என்றேன்.

"குடுக்கக் கூடாதுன்னு சொன்னோமே."

"பசிச்சுது."

"பொறுப்பத் தட்டிக் கழிக்கறீங்க, தம்பி" என்று பல்லைக் கடித்துச் சிரித்தபடியே லாரஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இபு புபாதிக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரிந்திருந்தது. தலையை முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டார். படக்காரர் குனிந்தார். நான் லாரஸின் முகத்தைப் பார்த்தேன். புருவம் சுருங்கியது, எதையோ யோசிப்பவள்போல அசையாமல் இருந்தாள். எனக்குத் தெரியும் அது என்னவென்று.

வான்நீலப் பட்டில் முதலில் ஒரு புள்ளி. பிறகு ஓர் உள்ளங்கை அளவு. பிறகு அது மடியைத் தாண்டி நாற்காலியின் விளிம்பிலிருந்து சொட்டியது. இபு புபாதியின் சிரிப்பு மாறவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதாகைக்குக் கீழேயே சொட்டிக்கொண்டிருந்தது.

பாக் சுகெங் மைக்கைத் தட்டினார். "பந்தல் ஒழுகுது போல."

எல்லோரும் மேலே பார்த்தோம். தார்ப்பாய்க்கு அப்பால் சூரியன் வெள்ளையாக எரிந்தது.

"மழை" என்றார் இபு எண்டாங்.

இபு புபாதியின் உதவியாளர் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார். இபு எண்டாங் தன் குடையை விரித்தார். பிறகு மாதர் குழு. பிறகு வெயிலுக்குக் குடை கொண்டுவந்த தாய்மார்கள் எல்லோரும். குடை இல்லாதவர்கள் பலகாரப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். பந்தல்காரர் மட்டும் மூலையிலிருந்து, "என் தார்ப்பாயில ஓட்டையே கிடையாதுங்க" என்றார். இரண்டு பேர் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்கள். அவர் மைக்கில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு?" என்றார் இபு புபாதி. "கோடையில மழை பெய்யுதுன்னா அது ஆசீர்வாதம். இந்த வட்டாரத்துக்கு முழு மதிப்பெண்."

லாரஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்போது மட்டும், மைக் இல்லாமல், "பாவம், இடுக்கெல்லாம் சிவந்திருக்கு" என்றார். உதவியாளர் குடையுடன் அவரை நகர்த்திக்கொண்டு போனார்.

இபு எண்டாங் என் சட்டையில் 'உலர்ந்த வீடு' ஒட்டுத்தாளை ஒட்டினார். கதவில் ஒட்ட வேண்டியது, கையோடு ஒட்டிவிட்டார்.

வீடு வரைக்கும் ரெத்னோ அக்கா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்தப் பந்தலில் தலைக்கு மேல் ஒன்றும் பிடிக்காமல் நின்றவர் அவர் ஒருவர்தான். உள்ளே வந்து பையைக் கீழே வைத்தார்.

"கமிட்டி சொல்லிடுச்சு" என்றேன்.

"கேட்டேன். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். விட்டுட்டுத்தான் போறேன்." லாரஸின் அடியில் கையை வைத்துப் பார்த்தார். "ஆனா இவ ஈரமா இருக்கா, சத்ரியோ."

மழை என்று சொல்லியிருக்கலாம்.

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். வெட்டிவேர் வாசனை வந்தது. துணிகளுக்கு நடுவே வெனிங் செருகி வைத்திருந்த வேர்கள். மேலே கிடந்தது பழுப்பு ஜாரிக். வயிறு பெரிதான மாதங்களில் அவள் வீட்டில் கட்டிக்கொண்டிருந்தது. ஓரம் நைந்து, சாயம் வெளிறி, கையில் எடுத்தால் எடையே இல்லை.

கத்தரியை எடுத்தேன். கை நின்றது. ரெத்னோ அக்கா குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு வந்து துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வெட்டினேன். பழைய துணி, சத்தமே இல்லாமல் பிரிந்தது.

முக்கோணமாக மடித்தேன். நடுவில் ஒடுக்கி, தொடைப்பக்க ஓரங்களை உள்ளே சுருட்டிவிட்டேன். புதுத்துணி விறைத்துக்கொண்டு நிற்கும், இது தொடையோடு போய்ப் படிந்தது. முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்து, அதே துணியில் கிழித்த நாடாவால் கட்டினேன். இடுப்பில் இரண்டு விரல் நுழைந்தது. லாரஸ் காலை உதைத்தாள். அவிழவில்லை. அழவும் இல்லை.

பால் கொடுத்தேன். இருவரும் பாயில் உட்கார்ந்து காத்திருந்தோம். ரெத்னோ அக்காவின் பஸ் ஒன்று போயிருக்கும். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

புருவம் சுருங்கியது.

ரெத்னோ அக்கா கொஞ்சம் பொறுத்து, தொடையின் ஓரமாக விரலை ஓட்டினார். முதுகுக்கு அடியில் கையை விட்டார். பாயைத் தடவினார்.

"உள்ள நனைஞ்சிருக்கு. வெளிய வரல."

பையைத் திறந்து குழந்தையின் சட்டைகளையும் புட்டியையும் எடுத்து வெளியே வைத்தார். பை ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"இது ஒண்ணு பத்தாது. எல்லாத்தையும் கிழிக்க வேண்டியிருக்கும்."

"தெரியுங்க்கா."

"அந்த நீலத்த மட்டும் வை. பெரியவளானா கேப்பா."

அடுத்த வாரம் இபு எண்டாங் வந்தார். இந்த முறை தனியாக. வட்டாரம் மாவட்டத்தில் முதலிடம். மாகாணத்திலிருந்து ஒரு குழு பார்க்க வருகிறதாம். எனக்கு ஒரு புதிய ஆணையும் கொண்டுவந்திருந்தார். தாய்ப் பதவி எனக்கு நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்றார்.

"சீருடை தைச்சாச்சா?"

"அந்தப் பச்சைத் துணியில ஒரு துண்ட நாப்பியா கட்டிப் பாத்தேன், இபு. தண்ணிய இழுக்கவே இல்ல."

அவர் காதில் விழாததுபோல் முற்றத்தைப் பார்த்தார். கொடியில் பழுப்பும் கருஞ்சிவப்புமாக ஜாரிக் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. தரநிலைக்கு ஒன்றும் தேறாது. பக்கத்தில் போனார். ஒரு துண்டின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"இது வெனிங்கோடதுல்ல? என் பொண்ணு கல்யாணத்துக்கு இதக் கட்டிட்டுத்தான் வந்தா. அன்னைக்கு அடுப்படியில நின்னு எல்லாருக்கும் பரிமாறினா."

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் அந்தத் துண்டை விடாமல் பிடித்திருந்தார். தெருமுனையில் பாக் சுகெங்கின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னிருக்கையில் பொம்மையைக் கட்டியிருந்தார். இபு எண்டாங் துணியை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கு, தம்பி. சீக்கிரம் எடுத்து உள்ள போடுங்க."

துணிகளை எடுத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தன.